கிரேக்கத் தீவுக்கு நான்கு பேர்

உறையை ஒட்டித்தான் கொடுத்தாள் கவுண்டர்க்காரி.
லிஃப்டுக்குள்ளேயே கிழித்துப் பார்த்தோம்.
மூன்று பேருக்கு ஒரே கடிதம்:
வந்தால் திரும்பிப் போவீர்கள் என்று நம்ப முடியவில்லை.
எங்களுக்கே இருந்த சந்தேகம்தான்.
ஜெனோவாவுக்கு மட்டும் விசா,
பன்னிரண்டு நாள்.
சல்மியா வெயிலில் அதை விசிறியாக்கிக்கொண்டு
"நான் ஒத்தையில போயி யாரு கூட ஆட?" என்றாள்.

பதினெட்டு மாதச் சீட்டு.
ஆளுக்கு இருபது தினார்.
விடிய விடிய ஆடுவார்களாம் மிக்கோனஸில்,
சூரியன் வந்த பிறகுதான் பாட்டை நிறுத்துவார்களாம்.
விடிய விடிய விழித்திருப்பது
எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை.
நால்வருக்கும் ஒன்றாய் ஆகஸ்டில் லீவு கிடைக்க
மெஹர் தொடர்ந்து பதினோரு நைட் பார்த்தாள்.
தாட்சாயணி நீச்சலுடை வாங்கினாள்,
அதன்மேல் போட ஒரு சட்டை,
சட்டையின்மேல் போட ஒரு துப்பட்டா.
வீட்டில் 'டிரெயினிங்' என்று சொல்லியாயிற்று.

லீவு தொடங்கி மூன்று நாள்
ஏசிக்கு நேரே கால் நீட்டிக் கிடந்தோம்.
குழாயைத் திறந்தால் டீ போடலாம்,
கீசரை அணைத்துவைத்து
அதிலிருந்து வருவதுதான் குளிர்ந்த தண்ணீர்.
நான்காம் நாள் ஜெனோவா எழுந்து உட்கார்ந்தாள்.
"ஃபைலகா போவோம். அதுவும் கிரேக்கத் தீவுதான்.
அலெக்சாண்டர் ஆளுக இகாரோஸ்னு பேரு வச்சிருக்காவ."
பெயர் வைக்க வந்தவர்களிடம்
யாரும் வங்கிக் கணக்கு கேட்டிருக்க மாட்டார்கள்.

படகில் நாங்களும்
ஐஸ் பெட்டிகளோடு இரண்டு வங்காளிப் பையன்களும்.
கடல் நீலமாக இல்லை.
கொதிக்கவைத்து ஆறவிட்ட ஏதோ ஒரு நிறம்.

நாற்பத்தெட்டு டிகிரி.
கோயிலில் மிச்சம் இரண்டடிச் சுவர்,
அதைச் சுற்றிக் கம்பிவேலி.
ஊரில் மிச்சம் ஓட்டை விழுந்த வீடுகள்,
துப்பாக்கி எழுதிவைத்த பாங்கு.
மெஹர் ஒரு வாசலில் நின்றுவிட்டாள்.
தொண்ணூறு ஆகஸ்டில் அவள் வாப்பா குவைத்திலிருந்து
அம்மான்வரை பஸ்ஸில் போனவர்,
கையில் ஒரு மிக்ஸி மட்டும்.
அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

கரையில் ஒட்டகம் ஒன்று, எங்களைக் கணக்கில் எடுக்காமல்.
மாதுளை மால்ட் டின்களை உடைத்தோம்.
ஜெனோவா மொபைலைக் கல்லில் சாய்த்துப் பாட்டு போட்டாள்.
ஒன்றரைப் பாட்டு.
'சூடு அதிகம்' என்று திரை கறுத்துப் போனது.
நாங்கள் நின்றுவிட்டோம்.
தாட்சாயணி நிற்கவில்லை.

துப்பட்டா எங்கோ பறந்திருந்தது.
முழங்கால் தண்ணீரில் நின்று கை தட்டிக்கொண்டு
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு…
நிமிடத்துக்கு நூறுக்குக் கொஞ்சம் மேலே,
எந்த நெஞ்செலும்பின்மேலும் நாங்கள் தவறவிடாத தாளம்.
கால்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.
நின்று, இரண்டு மூச்சு.
மறுபடி ஒண்ணிலிருந்து.
யாரையும் பிழைக்கவைக்க வேண்டியதில்லாமல்
எத்தனை சுற்று எண்ணினோமோ.
மெஹர் அழுதாள் என்று நினைக்கிறேன்,
எல்லோர் முகமும் உப்பாகத்தான் இருந்தது.
படகுக்காரன் மணியடித்துக் கூப்பிட்டபோது
பதினேழில் இருந்தோம்.
முப்பதை முடித்துவிட்டுத்தான் ஏறினோம்.

விசாவின் கடைசி நாள் ஜெனோவாவுக்கு நைட்.
மூன்று மணிக்குக் குரூப்பில் ஒரு படம்:
விசாப் பக்கத்தோடு சேர்த்து
ஸ்டேபிள் அடித்த ஃபைலகா படகுச் சீட்டு.
பாஸ்போர்ட்டில் பின் அடிக்கலாமா கிறுக்கி என்று
மெஹர் திட்டி எழுதினாள்.
பிறகு அவளே ஒரு சிரிப்பு.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மா
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஏன்டி இப்படிக் கறுத்துக் கிடக்க?
டிரெயினிங் ஏசி ரூம்லதான?"

"ஜன்னல் பக்கமா உக்கார வச்சுட்டாங்கம்மா."