தடைக்காலம்

கடலூர் முதுநகர், துறைமுகத்துக்குப் பின்சந்து.
ஐஸ் கம்பெனியின் கரண்டு பில்லைக் குப்புறப் போட்டு
அதன் முதுகில் ஒரு சுற்று வரைகிறேன்.
மூன்று கம்ப்ரசர், இரண்டு பம்பு, ஒரு நொறுக்கி.
காகிதத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் ஒரே ஜாடை:
ஒரு தடை, ஒட்டிக்கொண்டு நாலு சுருள்.

ஹபீப் மரைக்காயர் கேட்கிறார்:
"அபராதம்னு போட்டிருக்கானே,
நாம என்னம்மா தப்பு செஞ்சோம்?"

தப்பில்லை பாய்.
சுருளுக்கு அவசரம் ஆகாது.
வோல்டேஜ் உச்சியில் நின்று கூப்பிட்ட பிறகுதான்
கரண்டு எழுந்து செருப்பைத் தேடும்.
வந்து சேர்வதற்குள்
கூப்பிட்டது இறங்கத் தொடங்கியிருக்கும்.
அந்தப் பிந்தலுக்குத்தான் காசு.

பாலிடெக்னிக்கில் இதை ஒற்றை எழுத்தில் அடக்கச் சொன்னார்கள்.
ஜே. மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம்.
ஒருமுறை பெருக்கினால் தொண்ணூறு பாகை திரும்பும்,
இன்னொருமுறை பெருக்கினால் முதுகைக் காட்டும்.
கற்பனை எண் என்று பெயர்.
பில்லில் பதினோராயிரத்து நானூறு ரூபாய்.
அது நிஜ எண்.

தடை வேறு, மறுப்பு வேறு.
தடை வாங்கியதைச் சூடாக்கித் தின்றுவிடும்.
மறுப்பு தின்னாது.
கால் சுற்றுக்கு வைத்திருந்து
அடுத்த கால் சுற்றில் அப்படியே திருப்பிவிடும்.
விநாடிக்கு நூறு முறை இந்தக் கொடுக்கல் வாங்கல்,
இங்கிருந்து கேப்பர் மலை சப்ஸ்டேஷன் வரைக்கும்.
ஒரு நெத்திலியைக்கூட உறையவைக்காத மின்சாரம்
போகும்போதும் வரும்போதும்
கம்பியை மட்டும் சுட்டுவிட்டுப் போகிறது.

மின்தேக்கி நேர் எதிர்.
அங்கே கரண்டு முந்திக்கொண்டு ஓடும்,
வோல்டேஜ் பின்னாலேயே மூச்சு வாங்கி ஏறிவரும்.
சுருள் வெளியே தள்ளுகிற அதே கணத்தில்
தேக்கி கைநீட்டும்.
மலைவரை போகவேண்டாம்,
பக்கத்து வீட்டோடு கணக்கு தீர்ந்துவிடும்.
நாற்பது கிலோவாட்,
புள்ளி ஏழு இரண்டிலிருந்து புள்ளி ஒன்பது ஐந்து.
ஐந்து டப்பா போதும் என்று அடிக்கோடிட்டேன்.

பாய் புதுச்சேரியில் மலிவென்று
பத்து வாங்கி வந்திருந்தார்.
"சும்மாதானே கெடக்கு, சேத்து மாட்டும்மா."
மாட்டினேன்.
மீட்டர் புள்ளி ஒன்பது ஆறு என்றது.
எந்தப் பக்கத்துப் புள்ளி ஒன்பது ஆறு என்று
அவர் கேட்கவில்லை.
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்திரை பிறந்த மறுநாள் தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக் கட்டிக்கிடந்தன.
ஐஸ் யாருக்கும் வேண்டாம்.
கம்ப்ரசர் மூன்றும் நின்றன.
டப்பாக்கள் நிற்கவில்லை.
பிந்துவதற்கு ஒருவரும் இல்லாத கட்டடத்தில்
பத்தும் சேர்ந்து
பிந்தலைச் சரிசெய்துகொண்டே இருந்தன.

இரவு பதினொரு மணிக்கு வாட்ச்மேன் பொன்னுரங்கம்:
"அக்கா, லைட்டெல்லாம் பகல் மாதிரி எரியுது."
கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு போயிடுச்சு."
ஸ்கூட்டியை நான் எடுப்பதற்குள், "மூணுக்கா."

மீட்டரில் இருநூற்று அறுபத்திரண்டு.
சுவிட்சை இறக்கினேன். இருட்டு.
உப்பங்கழி நாற்றம் மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

கை வைத்துவிடக் கூடாது.
கம்பி அறுந்தாலும் தேக்கிக்கு ஞாபகம் இருக்கும்,
எந்த நொடியில் விட்டாயோ அந்த நொடியின் வோல்டேஜ்.
உள்ளேயே வடிகால் தடை வைத்திருக்கிறோம்,
ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும் என்பான் கம்பெனிக்காரன்.
என் கட்டைவிரல் வேறு கதை சொல்லும்.
அதனால் இரண்டு நூறு வாட் பல்பைத் தொடராய்க் கட்டி
டப்பாவின் இரண்டு முனைக்கும் கொடுத்தேன்.
பளிச்சென்று ஒரு வெள்ளை,
இழையில் கொஞ்சம் சிவப்பு,
அப்புறம் ஒன்றுமில்லை.
வாங்கியதைத் தின்றுவிட,
இந்த நேரத்துக்கு, ஒரு தடைதான் வேண்டியிருக்கிறது.

ஐந்தைக் கழற்றிவிடுவேன்.
மீதி ஐந்தை மோட்டார் காண்டாக்டருக்குப் பின்னால் போடுவேன்,
அது எழும்போது எழட்டும், படுக்கும்போது படுக்கட்டும்.
பாயிடம் காலையில் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

பொன்னுரங்கம் டார்ச்சை அணைத்துவிட்டு
பக்கத்தில் குந்துகிறான்.
"இன்னொரு வாட்டி காட்டுக்கா."

இன்னும் ஒன்பது இருந்தது.