வினா இலக்கம் பதினேழு

மார்கழி ஒன்பதாம் திகதி
பவுசர் ஓடிய தூரம் எண்பத்து நான்கு கிலோமீற்றர்.
டீசல் இருபத்தெட்டு லீற்றர்.
வழி: நாவற்குடா, கல்லடி, திருச்செந்தூர், திரும்பவும் கல்லடி.
வேலை: குடிநீர் விநியோகம்.
லீற்றருக்கு மூன்று. கணக்கில் பிழையே இல்லை.

அன்றைக்கு
வாவி படியேறி வந்து
மாநகர சபை வாசலில் நின்றது.
பவுசர், சில்லு முழுக்கத் தண்ணிக்குள்,
கராஜில் நின்றதை
மாடியிலிருந்து எல்லாரும் பார்த்தோம்.
அதன் மிதிபலகையில் ஒரு நாய்க்குட்டி
மத்தியானம்வரை.

கணக்காய்வுக்கு வந்த ஜெஸீமா
சத்தம் போடவில்லை.
தேத்தண்ணியும் வேண்டாமென்றா.
பென்சிலால் ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
பதினான்கு நாளுக்குள் விளக்கம் தரவும்.

விளக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.
எங்கள் கந்தோர்த் தமிழில்
யாரும் எதுவும் செய்வதில்லை.
வழங்கப்பட்டுள்ளது.
பெறப்பட்டுள்ளது.
தவறுதலாகப் பதியப்பட்டுள்ளது.
பேய் வந்து எழுதிவிட்டுப் போனமாதிரி
வினைச்சொற்கள்
ஆளில்லாமல் நடமாடும்.

சாரதி நல்லரெட்ணத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"பாதி, சனம் ஏத்தின உழவு மெஷினுக்கு, பிள்ளை.
அதுக்கு எந்தப் படிவம் இருக்கு, சொல்லுங்க?"
மற்றப் பாதி?
சுவர்க் கலண்டரில்
போன வருசத்துப் பிள்ளையாரை
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளின் அடியில்
'சரிபார்த்தவர்' என்ற கோட்டின்மேல்
ஒரு சின்ன ஒப்பம். வால் நீண்டது.
என்னுடையது.
மாதக் கடைசி, பின்னேரம் நாலரை,
பஸ்ஸுக்கு நேரமாச்சு.
முப்பத்தொரு தாளையும் விசிறிபோல விரித்து
ஒரே மூச்சில் போட்டது.

நாலாவது வரைவில் இப்படி எழுதினேன்:
நான் பார்க்காமல் ஒப்பமிட்டேன்.

ஆணையாளர் இரண்டு தரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"கடிதத்தில் 'நான்' என்று போடலாமா?"
எனக்கும் தெரியவில்லை.
சுற்றுநிருபக் கோவையில் தேடினோம்.
போடக்கூடாதென்று எங்கும் இல்லை.

அடுத்த நாள் காலை
பவுசர் புறப்படுமுன்
கொப்பியோடு கீழே இறங்கினேன்.
நல்லரெட்ணம் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.
மீற்றரில் தூசி. விரலால் துடைத்தேன்.
முள் அசையவில்லை.
"எப்ப இருந்து?"
"அது... நான் வேலைக்கு வரக்குள்ளேயே அப்பிடித்தான்."

கொப்பியில் திகதி போட்டேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று
பேனையைத் திறந்தபடி நிற்கிறேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது,
டீசல் எரிகிறது.