பூஜ்ஜியத்தின் முன்னால் ஒரு கோடு

வழு எண் 2316.
ஏழு குளிர்காலமாகத் திறந்தே கிடக்கிறது.

எழுதியவன் ஓட்வார். ஊர் வார்தோ,
நார்வே போய் முடிகிற விளிம்பு.
சாலைப் பலகைகளில் வெப்பநிலை காட்டுவது அவன் வேலை.
"உங்கள் நிரல்மொழி −0.3ஐ முழுமையாக்கி
வெறும் 0 என்கிறது.
முன்னால் இருந்த கோட்டை விழுங்கிவிடுகிறது.
0 என்றால் இங்கே ஈரம்.
−0 என்றால் கண்ணாடி.
லாரி ஓட்டுகிறவனுக்கு அந்தக் கோடு வேண்டும்."

இது வழுவே அல்ல என்றார் ஒருவர்.
ஒன்றுமில்லாததற்கு எதற்குத் திசை என்று சிரித்தார் இன்னொருவர்.
'அவசரமில்லை' என்று சாம்பல் நிறச் சீட்டை ஒட்டிவிட்டு
எல்லாரும் அடுத்த வேலைக்குப் போனார்கள்.
ஓட்வார் மட்டும்
அக்டோபர்தோறும் ஒரு வரி சேர்ப்பான்:
"இந்த ஆண்டும் உறைந்துவிட்டது."
வழுவா, சாலையா, சொல்லமாட்டான்.

பிறகு ஒரு ஜனவரியில்
உருகுவேயின் சால்தோவிலிருந்து,
முப்பத்தெட்டு டிகிரி வெயிலில்
மின்விசிறிக்கு முகத்தைக் கொடுத்தபடி
யமிலா ஒரு ஒட்டு அனுப்பினாள்.
உறைபனியை அவள் குளிர்பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருக்கிறாள்.
மாற்றியது இரண்டு வரி.
சோதனைகள் நாற்பத்தொன்று.

ஒட்டைச் சரிபார்க்க வேண்டியவள் ஹெல்யே.
எஸ்தோனியா, தார்த்து.
பகலில் பல் மருத்துவமனைக்குக் கணக்கு எழுதுகிறாள்.
இரவில், கூலியில்லாமல்,
முன்பின் தெரியாதவர்கள் எழுதியதைப் படிக்கிறாள்,
மீன் தின்பவள் போல,
முள்ளுக்காக நாக்கை முன்னே அனுப்பி.

முதல் சுற்று: பதினெட்டாம் வரியில் ஓர் இடைவெளி அதிகம்.
இரண்டாவது: இந்த மாறியின் பெயர் பொய் சொல்கிறது.
மூன்றாவது: ஏன்?

அந்த ஒற்றைச் சொல்லுக்கு யமிலா
ஒரு நாள் முழுக்கக் கோபித்துக்கொண்டாள்.
மறுநாள் விடை எழுத உட்கார்ந்தவள்
எழுதும்போதே தன் தவறு ஒன்றைக் கண்டாள்,
தானே காட்டிக்கொடுத்தாள்.
அதற்குப் பிறகுதான் ஹெல்யே
அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்,
திரைக்கு முன்னால், தனியாக, இரண்டு விதமாக.

சேர்ப்பதற்கு முந்தின இரவு
நெதர்லாந்தின் உர்க்கிலிருந்து,
மீன் ஏலக்கூடத்து ஹெர்பிராண்ட்:
"கொஞ்சம் பொறுங்கள்.
எங்கள் தராசு எப்போதும் மயிரிழை கீழே நிற்கும்.
நாளை முதல் காலித் தட்டுக்கெல்லாம்
−0 கிலோ என்று காட்டினால்
வாங்க வருகிறவன் எங்களைத் திருடன் என்பான்.
பன்னிரண்டு வருடமாக
உங்கள் வழுவை நம்பித்தான் மீன் விற்கிறோம்."

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு:
தவறுதான், ஆனால் வழங்கிவிட்டது, இருக்கட்டும்.
வழுவமைதி என்று பெயர்.
தார்த்துவில் அந்தச் சொல் கிடைக்கவில்லை.
இரண்டு மணிவரை தேநீரை ஆறவிட்டு
ஹெல்யே எழுதினாள்:
கேட்காதவர்க்குப் பழையபடி.
கேட்பவர்க்கு மட்டும் கோடு.

யாருக்கும் முழு மகிழ்ச்சி இல்லை.
யமிலாவின் இரண்டு வரி பத்தொன்பதாயிற்று.
"அழகு போய்விட்டது" என்றாள்.
போய்த்தான்விட்டது.
ஹெர்பிராண்ட் நன்றி சொல்லவில்லை;
ஏலம் தொடங்கியிருக்கும்.
ஓட்வார் ஒரு படம் அனுப்பினான்.
இருட்டு. கடல் இருக்கவேண்டிய பக்கம் இன்னும் இருட்டு.
நடுவே செம்மஞ்சள் புள்ளிகளால் −0.
கீழே ஒரு லாரி.
நின்றுபோன படத்தில் வேகம் தெரியாது,
ஆனாலும் அது மெதுவாகத்தான் போகிறது.

2316 மூடப்பட்டது.
அன்றைக்கே 9054 திறந்தது.
அம்மானிலிருந்து ருப்பா கேட்கிறாள்:
வலமிருந்து எழுதும்போது
அந்தக் கோடு எந்தப் பக்கம்?

ஹெல்யே ரொட்டி வாங்கக் கிளம்பினாள்.
ஆற்றுப் பாலத்துக்கு அப்பால்
மருந்துக்கடை உச்சியில் பச்சை எழுத்தில் 0.
எந்தப் பக்கத்துப் பூஜ்ஜியம் என்று
அது சொல்லவில்லை.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
முதல் காலைப் பக்கவாட்டில் வைத்தாள்.