ஏழாம் வரிசை

இருட்டறையில் ஒரு சிவப்பு விளக்கு.
அந்தச் சிவப்பு ஓட்ஸ் முளைகளுக்குத் தெரியாது.
எனக்குத் தெரிகிறது; அதில் என் விரல்கள்
யாரோ இன்னொருத்தியுடையவை.

வெளியே வாகனிங்கனில் மழை.
சைக்கிள் இருக்கையில் கட்டிய பிளாஸ்டிக் பை
படபடத்துக்கொண்டிருக்கும்.

ஓட்ஸ். காலையில் பாலில் வேகவைத்துத் தின்றதும் இதுதான்.
நாலு நாள் முளை, சுண்டுவிரலில் பாதி.
பிளேடை ஆல்கஹாலில் துடைத்து
நுனியை மட்டும் எடுக்கிறேன்,
ஒரு நொய் அளவு.

வளர்ச்சி நின்றுவிடுகிறது.
வேருண்டு, நீருண்டு, விதைக்குள் மாவுண்டு.
வளர் என்று சொல்லத்தான் ஆளில்லை.

வெட்டிய நுனிகளைக் கடற்பாசிக் கூழின்மேல் நிறுத்தினால்
சொல்ல இருந்ததை
அவை கூழிடம் சொல்லிவிடுகின்றன.
அதைத் துண்டாக்கித்
தண்டின் ஒரு தோளில் மட்டும் வைக்கிறேன்.
அந்தத் தோள் நீள்கிறது,
தண்டு மறுபக்கம் சாய்கிறது.
வெறும் கூழ் வைத்தது ஆணி மாதிரி நிற்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னல் செடி சாய்வதைப் பார்த்து
வெளிச்சத்துக்கு ஏங்குகிறது என்பார் யெல்மர்.
ஏக்கமில்லை, யெல்மர்.
நுனியில் ஊறும் ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது.
நிழல் பக்கம் கூடுதலாக நீள்கிறது.
அந்த வளைவு
இருட்டுப் பக்கத்தின் வேலை.
சொன்னேன்.
சூப்பில் உப்பு போதுமா என்று கேட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன்.
கூழ் வைக்கும் முன் இரண்டாம் வெட்டு.
குறிப்பேட்டில் டாக்டர் ஹில்லெகொண்டா
இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறார்:
மூன்று மணி நேரம் ஆனதும் மறுபடி வெட்டவும்.

ஏனென்றால், தலை போன தண்டின் மேல்விளிம்பு,
இதுவரை வெறும் கழுத்தாக இருந்தது,
யாரும் கேட்காமல்
நுனியின் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.
தானே ஊறவைக்கும், தானே கீழே அனுப்பும்.
நம் கணக்கு கெட்டுவிடும்.

போன செவ்வாய், இரவு இரண்டரை மணி.
ஆறு வரிசை வெட்டி முடித்தாயிற்று.
ஏழாவதற்குப் பிளேடை எடுத்தேன், துடைத்தேன்,
மூடி வைத்தேன்.
கை வலி என்று சொல்லலாம். வலியில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
எதுவும் அசையவில்லை.
பிறகும் அசையவில்லை.
அளவுகோல்தான் பார்த்தது,
அரை மில்லிமீட்டர்.

ஏழாம் வரிசை கெட்டுவிட்டது
என்று பென்சிலால் எழுதினேன்.
விடிந்து கதவைத் திறந்தபோது
கெட்டுப்போன பன்னிரண்டும்
மற்ற வரிசைகளைத் தாண்டி நின்றன.