ஹாரன் இல்லாத மாலை

ஓடினால் இறங்குகிறது முள்.
நின்றால் ஏறுகிறது.
டின் ஃபேக்டரியில் நிற்காமல் ஓடியவர் யார்?

மே மாதத்தில் ஹீட்டரைத் திருகி
என்ஜின் சூட்டில் கொஞ்சம்
என் முழங்காலுக்கு வாங்கிக்கொண்டு
தொங்கு பாலத்தின் நிழல்வரை வந்துவிட்டேன்.

அமலதாஸ் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை.
அவசரப்பட்டுத் தொட்ட ஒரு நாள்
இடது கையில் இன்னும் வழவழவென்று இருக்கிறது.
பானெட்டைத் தூக்கிக் காதை மட்டும் கொடுத்தான்.
"ஃபேன் சத்தம் எங்கக்கா?"

பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர்.
சீறிக்கொண்டு சுற்றியது.
அப்போ மோட்டார் இல்லை.
ஃபியூஸும் இல்லை.
கறுப்புப் பெட்டிக்குள்
தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ரிலே,
ஒரு கால் கருகி.

ஜே.சி. ரோட்டில் கடை அடைத்திருப்பார்கள்.
பக்கத்துக் குழியிலிருந்து ஹாரனுடையதைப் பிடுங்கி
இதில் அழுத்தினான்.
"நாலு கால், அதே அளவு. நாளைக்கு வாங்கிக்கலாம்."

ஆறும்வரை அரைமணி. பிறகு தண்ணீர்.

ராமமூர்த்தி நகர் வரை
உள்ளங்கை பழக்கத்தில் ஸ்டியரிங் நடுவில் போய்ப் போய் அமுக்கியது.
ஒன்றுமில்லை.
கையை வெளியே நீட்டி
"சொல்ப சைடு, அண்ணா" என்றேன்
ஒவ்வொருவரிடமும், வாயால்.
சிலர் விட்டார்கள்.
ஒருவர் மட்டும் திரும்பி முகத்தைப் பார்த்தார்.

முள் பாதியிலேயே கிடந்தது.