தண்ணீர்க் கழிவு

சேரம்பாடிக்குக் கீழே, மூன்றாம் டிவிஷனில்
கொழுந்து நிறுக்கிறேன்.
யானை கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போகிற இரவுகளில்
போன் வெளிச்சத்தில் ஐரோப்பா படிக்கிறேன்.
இடைக்கால ஐரோப்பா, பத்து மதிப்பெண் வரலாம் என்று
கூடலூர் பயிற்சி மையத்தில் சொன்னார்கள்.

அரசன், கோமகன், பிரபு, வீரன்.
எல்லோருக்கும் மேலே கடவுள்;
அவருக்கும் விளைச்சலில் பத்தில் ஒன்று.
கோபுரம்போல் படம் வரைந்திருக்கிறது.
அடித்தட்டில் குனிந்த முதுகுகள்,
முகம் போட இடம் போதவில்லை போலும்.
நான் தேடியது வேறு ஆளை.
பிரபு எப்போதோ குதிரையில் வருவான்,
மான் வேட்டையாடிவிட்டுப் போய்விடுவான்.
அப்படியானால் மூட்டையை அளந்தது யார்?
எவன் தொழுவத்தில் எத்தனை மாடு என்று
குறித்துவைத்தது யார்?
படத்தில் அவனுக்குக் கட்டமில்லை.
ஆனால் அவன் கை எனக்குத் தெரியும்,
நடுவிரலில் பேனா காய்ப்போடு.

மழை நாளில் நூற்றுக்குப் பத்து தண்ணீர்க் கழிவு.
சாக்குக்கு ஒரு கிலோ.
வெயில் நாளிலும் பத்துதான்.
தண்ணீர் எங்கே என்று தராசு கேட்காது,
நானும் கேட்டதில்லை.
பதினாறுக்குக் குறைந்தால் அரைப் பேர்.
ஒரு முழு மனுஷியை
ஒரே கோட்டில் அரையாக்கலாம்.
கை நடுங்குவதெல்லாம் முதல் மாதம் மட்டும்.

கறுப்புச் சாவு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.
மூன்றில் ஒருவர் மண்ணுக்குப் போனபின்
மிஞ்சியவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்களாம்.
கதிர் உதிர்ந்துகொண்டிருக்க
கேட்கவே கூடாதென்று சட்டம் வந்ததாம்.
இங்கே யாரும் சாகவில்லை. திருப்பூருக்குப் போனார்கள்.
மிஞ்சியவர்கள் வாய் திறக்குமுன்
ஜார்க்கண்டிலிருந்து இரண்டு பஸ் வந்து நின்றது.
இதைத் தேர்வில் எழுதமுடியாது.

ஒரு மடத்துத் தலைவர்
ஊரார் வீட்டுத் திரிகைகளைப் பிடுங்கி வந்து
தன் கூடத்துக்குத் தரையாகப் பாவினார்.
என் ஆலையில் அரை, எனக்குப் பங்கு வை.
ஐம்பது வருஷம் அதன்மேல் செருப்புகள் நடந்தன.
பிறகொரு ஜூன் மாதம் ஊர் கிளம்பி வந்து
தரையைப் பெயர்த்து
ஆளுக்கொரு துண்டு கொண்டுபோனது.
மற்ற ஊர்களில் முதலில் எரிந்தவை
கணக்குச் சுருள்கள்.
எழுதியவன் என்ன ஆனான்?
புத்தகம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை யோகராணி
சாக்கைத் தராசில் போடாமல் நின்றாள்.
"ஏட்டைக் காட்டுங்க."
கத்தவில்லை.
பின்னால் பதினோரு பேர். அதில் மூவர் ஜார்க்கண்ட் பெண்கள்.
அவர்களுக்கு நம் எழுத்து தெரியாதே என்று
நிம்மதியாக இருந்தவன் நான்;
சலோமி தோப்னோவின் விரல்
நேராகக் கழிவுக் கட்டத்தில் வந்து நின்றது.

யோகராணி இடுப்பில் கைவிட்டாள்.
தீப்பெட்டி என்றே நினைத்தேன்.
போன்.
புரட்டச் சொன்னாள், படம் எடுத்தாள்,
புரட்டச் சொன்னாள், எடுத்தாள்.
ஏப்ரல். மே. ஜூன்.
என் கையெழுத்து இவ்வளவு அழகென்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
ஒரு பக்கத்தில் என் கட்டைவிரல் மறைத்தது,
அவளுடைய அரைப் பேர் ஒன்றை.
"விரலை எடுங்க."
எடுத்தேன்.

இரவு துரை மூன்று முறை அழைத்திருந்தார்.
மறுபடி கம்பம் சாய்ந்திருக்கிறது,
போனில் நாலு சதவீதம்.
பக்கம் நூற்றுப் பதினெட்டு, நகரங்களின் எழுச்சி:
தப்பியோடிய பண்ணையடிமை
ஒரு வருஷமும் ஒரு நாளும்
நகரத்தில் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவனை யாரும் கேட்கமுடியாது.

திருப்பூருக்குப் போனவர்களை எண்ணினேன்.
பதினான்கு பேர்.
செக்ரோலில் அவர்கள் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.