அரைச் சீட்டு

பிப்ரவரி வெயிலில் குடிக்கணக்கு எடுக்கிறேன்.
கதவு எண் பதினேழு: பூட்டியது.
பதினெட்டு: பூட்டியது. பூட்டுக்குள்ளே குளவிக்கூடு.
பத்தொன்பதில் காவலுக்கு இருக்கும் சொர்ணலிங்கம்
"ஆச்சி அடையாறுல, பிள்ளைக சிங்கப்பூர்ல,
என்னய மட்டும் எழுதிக்கிருங்க டீச்சர்" என்கிறார்.
எழுபத்தெட்டு ஜன்னலுக்கு ஓர் ஆண், வயது அறுபது.
எழுதிக்கொண்டேன்.

படிவத்தில் பிறந்த இடம் கேட்கும்போதெல்லாம்
என் சொந்தக் கணக்கு இடறும்.

தேவகோட்டைக்குத் தெற்கே எங்கள் பங்குக் கோவிலில்
ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தைக் கரையான் தின்றது போக
மிச்சம் இருந்தது இவ்வளவு:
1911 ஜூன் 4, இஸ்பிரீத்துசாந்து திருநாள்.
சூசையம்மாள். வயது சுமார் நாலு. மோல்மேன்.
தாய் மாசுவை, அஞ்ஞானி.
கொண்டுவந்தவன் மரியசவரி, மு.சித.வெ. கடைச் சமையல்.
தகப்பன் என்ற இடத்தில் சாமியார்
பேனாவை வைத்துவிட்டு எடுத்திருக்கிறார்.
ஒரு புள்ளி.
இந்தப் பக்கத்தில் கலியாணமான ஆணைக்
கோவில் கணக்கில் புள்ளி என்பார்கள்.
இது அந்தப் புள்ளி இல்லை. மை.

அவள் என் பூட்டி.

அந்த வருஷத்து சர்க்கார் சென்சஸில் பெயர்கள் கிடையாது.
தாலுகாவுக்கு இத்தனை ஆண், இத்தனை பெண்,
இத்தனை குருடு, இத்தனை ஊமை.
அந்தப் பெண்களில் ஒன்றாக அவளை வைத்துக்கொண்டு
நாலு மாசம் சமாதானமாக இருந்தேன்.

பிறகு காரைக்குடியில், பழைய சாமான் கடை வரிசையில்,
எனாமல் தூக்குச்சட்டிகளுக்குக் கீழே
மு.சித.வெ. என்று முதுகில் எழுதிய பேரேடு.
தமிழ் எண் எனக்குத் தடுமாறும்.
கடைக்கார சிக்கந்தர் விரல் வைத்துப் படித்தார்:
"சாதாரண வருஷம் மாசி இருபத்தேழு.
கப்பல் கூலி. சமையல் ஆள், முழுச் சீட்டு.
பொடிசு ஒன்று, அரைச் சீட்டு."

சாதாரண வருஷம் என்பது அந்த வருஷத்தின் பெயர்தான்.
இருந்தாலும் இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

வீட்டில் பழைய பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்தேன்.
அங்கேயும் இங்கேயும் தலை எண்ணிய அதே ராத்திரி
அவள் கடலில் இருந்திருக்கிறாள்.
எந்த ஊர்க் கணக்கிலும் ஏறாமல்,
ஒரு மூட்டை வெங்காயத்துக்குப் பக்கத்தில்.
வெங்காயம் நான் வைத்தது. மற்றது பேரேட்டில் உள்ளது.

மறுநாள் திரும்பப் போனேன்.
பங்குனியில் இன்னொரு வரி:
பொடிசுக்குச் சட்டை, ஆறணா.
கடைச் செலவில் எழுதி, குறுக்கே அடித்து,
ஓரத்தில் வேறு கையெழுத்து, அழுத்தி:
மேலாள் பற்றில் வைக்கவும்.

சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"முதலாளி விவரமான ஆளு.
காலணாக்கூட அடுத்தவன் புள்ளைக்குக் கடைக் காசுல போகக் கூடாது."

மேலாள் பெயர் அடுத்த பேரேட்டில் இருக்கலாம்.
அது போன மாசம் ஜெய்ப்பூர் போயிற்று,
ஏதோ ஹோட்டல் சுவரில் ஒட்ட.

இந்த ஒரு தாளை மட்டும் தர முடியுமா என்றேன்.
"பாதிப் புஸ்தகம் விக்கிறதில்ல டீச்சர்."
மூவாயிரத்து ஐநூறு. இருநூறு குறைத்தார்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் குனிந்து பார்த்தார், லக்கேஜா என்று.
இல்லை, ஆள் என்று சொல்ல வாய் வந்தது.
ஒரு முழு டிக்கெட் வாங்கினேன், எனக்கு.
ஜன்னலுக்கு வெளியே பதினேழு, பதினெட்டு.
ஆறணா இன்று எவ்வளவு என்று
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளை
வட்டிக் கணக்கு போடலாமா என்று நினைத்தேன்.

போடவில்லை.
வட்டி எந்தத் தேதி வரைக்கும் என்று
யாராவது கேட்டிருப்பார்கள்.